பௌர்ணமியைப் படம் பிடித்தல்

சந்திரனைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கவிதையில் தொடங்குவது வழக்கம். நான் ஒரு சிறு கணக்கில் தொடங்க விரும்புகிறேன். சந்திரனின் விட்டம் 3,474 கிலோமீட்டர். அது நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பின்னதை முன்னதால் வகுத்தால் ஏறக்குறைய 110 வரும். அதாவது, சந்திரன் தன் விட்டத்தைப்போல் 110 மடங்கு தூரத்தில் நிற்கிறது. மாணவ நண்பர்கள் இந்த 110 என்னும் எண்ணை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். இன்று நான் கூறப்போகும் செய்திகளில் பாதி இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும்.

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நீண்ட குவியத் தூரமுள்ள லென்ஸைக்கொண்டு முழுநிலவைப் படம் பிடிப்பது. அதற்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்ளும் இடம் கலசப்பாக்கம். திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் இடையே, சவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாற்றின் கரையில் அமைந்த ஊர் அது. மேற்கே பருவதமலையும், அதற்கப்பால் சவ்வாது மலைத்தொடரும் தெரியும். கிழக்கே சமவெளி. முழுநிலவு உதிக்கும் திசையில் வெளியும், மறையும் திசையில் மலையும் இருப்பது படம் பிடிப்பவனுக்குக் கிடைத்த ஒரு வசதி. அந்த ஆற்றங்கரையில் நின்று பல பௌர்ணமிகளை நான் படம் எடுத்திருக்கிறேன். அவற்றிலிருந்து கற்றவற்றையே இங்கே சொல்கிறேன்.

பௌர்ணமி இரவில் நம்மில் பலர் கைப்பேசியை வானத்தை நோக்கி உயர்த்தியிருப்போம். கிடைத்தது என்ன? கருந்திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணுக்கு அத்தனை பெரிதாகவும் அழகாகவும் தோன்றிய சந்திரன் படத்தில் ஏன் இப்படிச் சிறுத்து வெளுத்துப்போயிற்று? இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று அளவைப் பற்றியது. மற்றொன்று ஒளியைப் பற்றியது.

முதலில் அளவு. லென்ஸின் குவியத் தூரத்தை 110ஆல் வகுத்தால், உள்ளே விழும் சந்திர பிம்பத்தின் விட்டம் கிடைக்கும். சாதாரணக் காமிராவில் உள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பிம்பத்தைத் தருகிறது. ஒரு கடுகைவிடச் சிறிய அந்தப் பிம்பத்தில் விவரத்தை எங்கே தேடுவது? 200 மில்லிமீட்டர் லென்ஸில் பிம்பம் 1.8 மில்லிமீட்டர், 500 மில்லிமீட்டரில் நாலரை மில்லிமீட்டர், ஆயிரம் மில்லிமீட்டரில் ஒன்பது. இவ்வளவு நீளமான குவியத் தூரத்திற்கு அவ்வளவு நீளமான குழாய் வேண்டுமே என்று கேட்கலாம். முன்புறத்தில் ஒளியைக் குவிக்கும் லென்ஸ் தொகுதியையும், பின்புறத்தில் அதைச் சற்று விரிக்கும் தொகுதியையும் பொருத்தினால், குழாய் குறுகியும் பிம்பம் பெரிதாகவும் அமையும். இந்த அமைப்பையே டெலிபோட்டோ லென்ஸ் என்கிறோம். 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டால்மேயரும், ஜெர்மனியில் மீத்தேயும் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே இதை உருவாக்கினார்கள்.

இதே கணக்கை இன்னும் பெரிய கருவிக்கும் பொருத்திப் பார்க்கலாம். சவ்வாது மலையில், ஆலங்காயத்திற்கு அருகேயுள்ள காவலூரில், ஒரு வானாய்வுக்கூடம் இருக்கிறது. வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் முயற்சியால் 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கிற்று. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. அந்தப் பெரிய ஆடியின் குவியத் தூரம் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல். 110ஆல் வகுத்துப் பாருங்கள்: அதன் குவியத்தில் சந்திரன் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் விட்டத்தில் விழும். உங்கள் கையிலுள்ள காமிராவும் காவலூர்க் கருவியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

இனி ஒளி. இரவில் படம் எடுக்கிறோம் என்பதனால், நிறைய ஒளியை உள்ளே விடவேண்டும் என்று எண்ணுகிறோம். காமிராவின் தானியங்கி ஒளிமானியும் அவ்வாறே எண்ணுகிறது. அது கரிய வானத்தையெல்லாம் சேர்த்து அளந்து, ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்கிறது. விளைவு, வெள்ளைப் புள்ளி. உண்மையில் நாம் படம் பிடிப்பது என்ன? நடுப்பகல் வெயிலில் கிடக்கும் ஒரு கற்பாறை. நமக்குத்தான் இரவு; முழுநிலவில் நாம் காணும் நிலப்பரப்புக்குப் பகல். அந்தப் பாறையும் வெண்மையானதன்று; தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கையே திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த தார்ச்சாலையின் நிறத்திற்கு அதை ஒப்பிடலாம். சுற்றிலும் இருள் சூழ்ந்திருப்பதால் அந்தச் சாம்பல் நிறக் கல் நமக்கு வெள்ளித் தட்டாகத் தோன்றுகிறது.

ஆகவே வெயிலில் கிடக்கும் பொருளுக்கு வைக்கும் அளவையே சந்திரனுக்கும் ஏறத்தாழ வைக்கவேண்டும். ஒளியுணர்வு 100 ஆகவும், துவாரம் எஃப் 11 ஆகவும் இருந்தால், ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் போதும். வானத்தில் உயர்ந்து நிற்கும் முழுநிலவுக்கு இது பொருந்தும். அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி தடித்த காற்றின் வழியே வருவதால் மங்கிச் சிவக்கும். அப்போது நேரத்தைச் சில மடங்கு கூட்டவேண்டும். பாதிநிலவு முழுநிலவின் ஒளியில் பாதியைத் தரும் என்று எதிர்பார்ப்போம். உண்மையில் அது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கையே தருகிறது. மேடுபள்ளங்களின் நிழல்கள் ஒளியை விழுங்கிவிடுவது இதற்கு ஒரு காரணம்.

ஒரு வினாடியின் சிறு பகுதியில் நாம் முடிக்கும் இவ்வேலைக்கு முன்னோர் பட்ட பாட்டையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 1840இல் நியூயார்க் நகரில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்பவர் வெள்ளி பூசிய தகட்டில் சந்திரனைப் பதித்தார். தகடு ஒளியை ஏற்பதற்கு ஏறக்குறைய இருபது நிமிடங்கள் பிடித்தன. அவ்வளவு நேரமும் வானத்தில் நகர்ந்துகொண்டிருந்த சந்திரனைக் கருவி பின்தொடர வேண்டியிருந்தது. பூமி சுழல்வதால், சந்திரன் இரண்டு நிமிடத்தில் தன் விட்டத்தின் அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நீண்ட லென்ஸ் சந்திரனைப் பெரிதாக்குவதுபோல் நம் கைநடுக்கத்தையும் பெரிதாக்கும். உறுதியான முக்காலித் தாங்கி வேண்டும்; பொத்தானை அழுத்திய இரண்டு வினாடிகளுக்குப் பிறகு ஷட்டர் திறக்கும்படி அமைத்துக்கொள்ளவும் வேண்டும்.

கூர்மைக்கு எதைப் பார்ப்பது? பாதிநிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே வட்டப் பள்ளங்களின் நிழல்கள் கூர்மையாகத் தெரியும். முழுநிலவில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நிழல் நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஆகவே வட்டத்தின் விளிம்பைப் பார்த்தே கூர்மையைச் சரிசெய்ய வேண்டும். பள்ளங்களை விரும்புவோர் பாதிநிலவை நாடுவது நல்லது. முழுநிலவுக்கென்று தனிச் சிறப்புகள் உண்டு. பழைய எரிமலைக் குழம்பு உறைந்த கருஞ்சமவெளிகள் அப்போதுதான் முழுமையாகத் தெரியும். தெற்கே டைகோ என்னும் பள்ளத்திலிருந்து நாற்புறமும் பாயும் வெண்கதிர்களும் அன்றைக்கே பளிச்சிடும். நம் நாட்டில் முயல் என்றும், வடை சுடும் பாட்டி என்றும் குழந்தைகளுக்குக் காட்டுவது அந்தக் கருஞ்சமவெளிகளைத்தான்.

இதுவரை கூறியது சந்திரனைத் தனியே எடுக்கும் முறை. கோபுரத்தின் பின்னாலோ குன்றின் உச்சியிலோ பிரம்மாண்டமான சந்திரன் நிற்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். சந்திரனை அத்தனை பெரிதாக்கியது லென்ஸ்தான் என்று பலர் நம்புகிறார்கள். லென்ஸ் கோபுரத்தையும் சந்திரனையும் ஒரே அளவில்தான் பெரிதாக்கும். இவ்விரண்டில் எது பெரிது என்பதைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் தூரம். இங்கே நம் 110 மீண்டும் வருகிறது. முப்பது மீட்டர் உயரமுள்ள கோபுரம் சந்திரனுக்குச் சமமாகத் தெரியவேண்டுமானால், அதிலிருந்து 3,300 மீட்டர் விலகி நிற்கவேண்டும். கோபுர வாசலில் நிற்பவனுக்குச் சந்திரன் ஒரு சிறு பொட்டு. மூன்று கிலோமீட்டர் நடந்து சென்றவனுக்கு அதே சந்திரன் கோபுரத்தின் அளவு. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு மலைமுகட்டில் சந்திர வட்டம் ஏறக்குறையத் தொண்ணூறு மீட்டர் அகலத்தை அடைத்துக்கொள்ளும். அந்த முகட்டில் மனிதர் நின்றால் வட்டத்தின் முன் எறும்பைப்போல் தெரிவார். இத்தகைய படத்தில் பாதி உழைப்பு கால்களுடையது.

தூரம் கிடைத்துவிட்டது, நேரமும் அமையவேண்டும். முழுநிலவு நம் நிலத்தின்மேல் வீசும் ஒளி, வெயிலைப்போல் ஏறக்குறைய நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. சந்திரனோ முழு வெயிலில் இருக்கிறது. நள்ளிரவில் மலையையும் சந்திரனையும் ஒரே படத்தில் அடக்க முயன்றால், மலை தெரியும்போது சந்திரன் வெளுத்துவிடும். சந்திரன் தெரியும்போது மலை கரிந்துவிடும். எந்தக் காமிராவும் இந்த வேற்றுமையை ஒரே திறப்பில் தாங்காது. இயற்கையே இதற்கு ஒரு வழியை வைத்திருக்கிறது. முழுநிலவு சூரியனுக்கு நேரெதிரே இருப்பதால், ஒன்று மறையும் வேளையில் மற்றது உதிக்கும். பௌர்ணமிக்கு முந்திய நாள் மாலையில் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே சந்திரன் கிழக்கே எழுந்துவிடும். பௌர்ணமி கழிந்த காலையில் சூரியன் உதித்த பிறகும் மேற்கே சற்று நேரம் நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் நிலமும் சந்திரனும் ஒரே சூரியனின் ஒளியில் இருக்கும். கலசப்பாக்கத்திலிருந்து பார்த்தால் அக்காலை வேளையில் பருவதமலைப் பக்கத்துச் சரிவுகள் இளவெயிலில் சிவந்திருக்கும்; மேலே வெளிறிய சந்திரன் இறங்கிக்கொண்டிருக்கும். அப்போது ஒரே திறப்பில் இரண்டும் பதியும். ஒட்டுவேலை எதுவும் தேவையில்லை.

ஒட்டுவேலையைப் பற்றி மாணவர்களிடம் சற்று அழுத்தமாகவே சொல்லவேண்டும். வேறோர் இரவில், வேறொரு லென்ஸால் எடுத்த சந்திரனை வெட்டி மலையின்மேல் ஒட்டுவது இன்று ஒரு நிமிட வேலை. சந்திரனை இன்னதென்று அறிந்துகொண்டு, தாம் முன்பே கற்றுவைத்திருக்கும் விவரங்களைக்கொண்டு படத்தைத் தெளிவாக்கித் தரும் கைப்பேசிகளும் வந்துவிட்டன. ஓவியன் இரண்டு சந்திரனை வரைந்தாலும் நாம் குறை கூறமாட்டோம். அது ஓவியம் என்று அறிவோம். புகைப்படத்தை நாம் சாட்சியாக ஏற்கிறோம். இன்ன இடத்தில் இன்ன வேளையில் இது இவ்வாறு இருந்தது என்று சொல்லும் உரிமை அதற்கு இருக்கிறது. சாட்சி பொய்யுரைக்கப் பழகிவிட்டால் மெய்யான சாட்சியையும் யாரும் நம்பமாட்டார்கள். நாளைக்கு ஆற்றில் மணல் அள்ளியதையும் ஏரி வற்றியதையும் படம் எடுத்துக் காட்டவேண்டியவர்கள் நீங்களே.

பொய்ச் சந்திரனைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. புத்தகங்களில் அச்சிடும் சந்திரப் படத்தில் வடக்கு மேலே இருக்கும். டைகோ பள்ளம் அடியில் இருக்கும். தமிழ்நாடு பூமியின் நடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால், கிழக்கே உதிக்கும் சந்திரன் நமக்குப் பக்கவாட்டில் சாய்ந்து வருகிறது. உதிக்கும்போது அதன் வடபுறம் நம் இடக்கைப் பக்கமும், டைகோ வலக்கைப் பக்கமும் இருக்கும். மேற்கே மறையும்போது டைகோ இடக்கைப் பக்கம் வந்துவிடும். ஓர் இரவிலேயே முயல் குப்புற விழுந்து எழுவதை நம் பாட்டிமார் கண்டிருப்பார்கள். நம் ஊர்க் கோபுரத்தின்மேல் உதிக்கும் சந்திரனில் டைகோ அடியில் இருக்குமானால், அந்தச் சந்திரன் வேறு எங்கிருந்தோ வந்தது.

மெய்யான படம் நமக்கு என்ன தரும்? இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். உதயச் சந்திரன் பெரியது, நடுவானச் சந்திரன் சிறியது என்பது நம் எல்லோருடைய கண்ணும் சொல்லும் சாட்சியம். ஐப்பசி முதல் மாசி வரையுள்ள பௌர்ணமிகளில் நள்ளிரவுச் சந்திரன் நம் தலைக்குமேல் ஏறக்குறைய நேராக வரும். அத்தகைய இரவொன்றில் உதயத்திலும், நள்ளிரவிலும், மறைவிலும் ஒரே லென்ஸால் படம் எடுங்கள். படத்தின் பிரகாசம் ஒரே மாதிரி இருக்கட்டும். சந்திரனின் வட தென் விட்டத்தைக் கணினியில் அளந்து பாருங்கள். கண் சொன்னதற்கு மாறாக, நள்ளிரவுச் சந்திரனே சற்றுப் பெரிதாக இருக்கும்! அடிவானத்தில் பெரிதாகத் தோன்றுவது மனத்தின் மயக்கம்.

ஏன் நள்ளிரவில் பெரிது? உதயத்தின்போது பூமியின் பக்கவாட்டில் நிற்கிறோம். நள்ளிரவில் பூமி நம்மைச் சுமந்துகொண்டு சந்திரனை நோக்கித் திரும்பியிருக்கிறது. நாம் பூமியின் ஆரத்தளவு சந்திரனுக்கு அருகே வந்துவிட்டோம். 500 மில்லிமீட்டர் லென்ஸில், ஆயிரத்திற்குச் சற்று மேற்பட்ட படப்புள்ளிகள் அகலமுள்ள பிம்பத்தில் இந்த வேற்றுமை இருபது புள்ளிகளுக்கு அருகில் வரும். அதாவது அறுபதில் ஒரு பங்கு. சந்திரன் இருக்கும் தூரத்தை அறுபதால் வகுத்தால் சுமார் 6,400 கிலோமீட்டர். அதுவே பூமியின் ஆரம்! ஆறு மணி நேரத்தில் சந்திரனும் தன் பாதையில் சற்று அணுகவோ அகலவோ கூடும். உதயத்திலும் மறைவிலும் எடுத்த அளவுகளின் சராசரியை நள்ளிரவு அளவோடு ஒப்பிட்டால் அந்தப் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். ஓர் ஆற்றங்கரையில் விழித்திருந்து பூமியின் பருமனை அளந்தோம் என்று சொல்லும் பெருமை உங்களுக்குக் கிடைக்கும்.

இரண்டாவது சோதனைக்கு ஓராண்டுப் பொறுமை வேண்டும். பௌர்ணமிதோறும், சந்திரன் வானத்தில் ஒரே உயரத்தில் இருக்கும்போது, ஒரே லென்ஸால் ஒரு படம் எடுத்து விட்டத்தை அளந்து எழுதிவாருங்கள். இதற்கு 200 மில்லிமீட்டர் லென்ஸே போதும். முழுநிலவு சில மாதங்களில் 3,57,000 கிலோமீட்டர் அளவில் அருகேயும், சில மாதங்களில் 4,06,000 கிலோமீட்டர் அளவில் தொலைவிலும் இருக்கும். படத்தின் விட்டம் ஏழில் ஒரு பங்குவரை கூடிக் குறையும். அளவுகளை வரைபடமாகப் போட்டால் மெல்ல ஏறி இறங்கும் ஒரு கோடு தோன்றும். சந்திரனின் பாதை சரியான வட்டமல்ல, நீள்வட்டம் என்பதை நீங்கள் பாடப்புத்தகத்தை நம்பி ஏற்கவேண்டியதில்லை. உங்கள் குறிப்பேடே சொல்லிவிடும். படங்களை அடுத்தடுத்து வைத்தால் சந்திரன் மெல்லத் தலையசைப்பதும் தெரியும். அந்த அசைவினால்தான், ஒரு முகத்தையே நமக்குக் காட்டும் சந்திரனின் பரப்பில் நூற்றுக்கு 59 பங்குவரை நாம் பூமியிலிருந்து காணமுடிகிறது.

விலையுயர்ந்த லென்ஸ் எல்லோருக்கும் கிடைக்காது என்பதை அறிவேன். கல்லூரியில் ஒரு காமிரா இருந்தால் பத்துப் பேர் முறைவைத்துப் பயன்படுத்தலாம். சிறு தொலைநோக்கியின் கண்லென்ஸருகே கைப்பேசியை அசையாமல் பொருத்தியும் நல்ல படம் பெறலாம். கருவி எதுவாயினும் நாள், நேரம், இடம், லென்ஸின் அளவு, வானத்தின் நிலை ஆகியவற்றைத் தவறாமல் எழுதிவைக்க வேண்டும். குறிப்பில்லாத படம் முகவரியில்லாத கடிதம். 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைக்கவிருந்த வேளையில், அவ்விண்மீனின் ஒளி எதிர்பாராத நேரத்தில் மங்கியதைக் காவலூரிலும் பதிவு செய்தார்கள். அக்கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அன்றைய பதிவுகளால்தான். மங்கிய நேரத்தை வினாடிக் கணக்கில் குறித்துவைக்காதிருந்தால், அது மேகம் கடந்த நிழலென்று மறந்துபோயிருக்கும்.

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் மக்கள் பல்லாயிரவராகக் கூடி மலையை வலம் வருகிறார்கள். முழுநிலவு என்றைக்கு என்று நம் நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள்காட்டியில் அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிவானம் தெரியும் ஓர் இடத்தை உங்கள் ஊரிலேயே தேர்ந்துகொள்ளுங்கள். ஏரிக்கரையும் மொட்டைமாடியும் போதும். எடுத்த படத்தில் எதையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். பன்னிரண்டு படங்கள் சேர்ந்ததும் ஒரு ஸ்கேலை எடுத்து அளக்கத் தொடங்குங்கள்.